நீரும் மலையும் மூச்சும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் பழம்பாடல் ஒன்றன் நயத்தையோ காப்பியப் பாத்திரம் ஒன்றன் சிறப்பையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்துறையில் எம்மினும் வல்லார் பலர் இம்மலரை அணிசெய்வர். ஆதலின், இலக்கண வகுப்புக்கும் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் பொதுவான ஒரு பொருளை யாம் எடுத்துக்கொண்டோம். அப்பொருள் மூச்சு.

தமிழில் உயிர் என்னுஞ் சொல்லும் உயிர்த்தல் என்னுஞ் சொல்லும் ஓரடியிற் பிறந்தவை. உயிர்த்தலாவது மூச்சுவிடுதல்; நெட்டுயிர்த்தலாவது பெருமூச்செறிதல். மூச்சுள்ளதே உயிர் என்னுங் கருத்து எம் மொழியின் அடித்தளத்திலேயே கிடக்கின்றது. மேனாட்டார் இதே உண்மையை வேறு வழியாற் சென்றடைந்தனர். சுவீடன் நாட்டுச் சீலே என்பாரும், 1774 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் யோசேப்பு பிறீசிலி என்பாரும் எரிதலுக்கும் உயிர்த்தலுக்கும் துணைசெய்யும் வளியைத் தனியே பிரித்தெடுத்தனர். பிரான்சிய அறிஞர் இலவோசியே அமிலங்களை ஆக்குவது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அமிலங்கள் யாவற்றிலும் அஃது இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரே எம் பாடநூல்களில் ஒட்சிசன் என வழங்குகின்றது. பிராணவாயு, உயிர்வளி என்று தமிழர் இட்ட பெயர்களிலோ அத்தகைய வழு இல்லை. பெயரிடுவதிலேனும் யாம் முந்திக்கொண்டோம் என மகிழலாம்.

வளிமண்டலத்தில் இந்த ஒட்சிசன் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு உண்டு. யாழ்ப்பாணத்துக் கடற்கரையிலும் அவ்வளவே. இமயத்து முடியிலும் அவ்வளவே. இவ்வுண்மையை வகுப்பிற் கூறும்போது கூரிய மாணவன் ஒருவன் எழுந்து, அவ்வாறாயின் மலையேறுவோர்க்கு மூச்சு வாங்குவது ஏன் என வினவுதல் இயல்பு. அவ்வினாவுக்குரிய விடையை யாம் நூலிற் படிப்பதன் முன்னர் எம் நெஞ்சினாலேயே அறிந்தோம்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வெளியேறிய எமக்கு முதல் நியமனம் நுவரெலியாவை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றிலே கிடைத்தது. கடல்மட்டத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு அந்தக் குளிரும் பனிமூட்டமும் புதியவை. மாலை வேளையில் மாணவரோடு பந்து விளையாட இறங்கினால், ஐந்து நிமிடத்துள் எம் மார்பு துருத்தி போல் ஏறி இறங்கும். மாணவரோ தேயிலைச் சரிவில் ஆட்டுக்குட்டிகள் போல் ஏறி ஓடுவர். "சேர், மெதுவா ஓடுங்க. புதுசா வந்தவங்களுக்கு மேட்டுல மூச்சு வாங்கும்" என்று ஒரு சிறுவன் எமக்கு அறிவுரை கூறியதும் உண்டு. விடுதியிற் கடலை அவிக்க வைத்தால் அஃது ஊரிற் போல் விரைவில் வேகாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதை அப்பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் எமக்கு விளக்கினார்.

வளிக்கும் எடை உண்டு. எம் தலைக்கு மேலுள்ள வளி முழுவதும் தன் எடையாற் கீழுள்ள வளியை அமுக்குகின்றது. மேலே செல்லச் செல்ல அந்தச் சுமை குறைகின்றது. சுமை குறைய வளி ஐதாகின்றது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கே. ஆகவே ஒரு மூச்சில் உட்செல்லும் ஒட்சிசனும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. நீரும் அங்கு 100 பாகையிற் கொதியாது 94 பாகையளவிற் கொதிக்கின்றது. கடலை வேகாமைக்கு அதுவே காரணம். 5,500 மீற்றர் உயரத்தில் அமுக்கம் பாதியாகின்றது. 8,849 மீற்றர் உயரமுள்ள எவரெஸ்ட் முடியில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகின்றது. விகிதம் மாறவில்லை, அளவே மாறியது. கலவைச் சாதத்திற் பருப்பின் பங்கு மாறாதிருந்தும், கிண்ணம் சிறுத்துவிட்டாற் பசி தீராதது போன்றது இது.

1953 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள் தென்சிங்கும் இலாரியும் எவரெஸ்ட் முடியை எய்தியபோது ஒட்சிசன் உருளைகளைச் சுமந்தே சென்றனர். அவ்வுருளைகளின்றி அங்கு ஏறுதல் மனித உடலுக்கு இயலாது எனப் பலர் எண்ணியிருந்தனர். 1978 ஆம் ஆண்டு மெஸ்னர், ஆபேலர் என்னும் இருவர் அவையின்றியே ஏறி மீண்டனர். உயரத்தில் நாட்பட வாழும் உடல், மூச்சை விரைவாக்கியும் குருதியிற் செங்கலங்களைப் பெருக்கியும் தன்னை மெல்ல மெல்லத் திருத்திக்கொள்கின்றது. எம்மையும் நுவரெலியா சில மாதங்களில் அவ்வாறே திருத்திவிட்டது. தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்வோரிடத்து இத்திருத்தம் இன்னும் ஆழமானது. தென் அமெரிக்க அந்தீசு மலைமக்களின் குருதியில் ஈமோகுளோபின் மிகுந்து காணப்படும். திபெத்தியரிடமோ அது பெரிதும் மிகுவதில்லை. அவர்தம் பரம்பரை அலகுகளிலேயே உயரத்துக்கேற்ற மாற்றம் உண்டென்பதை 2010 ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். இடர் ஒன்றே, அதனை வென்ற வழிகள் இரண்டு.

ஒட்சிசன் குறைவின் கொடுமை அது தரும் துன்பத்தில் மட்டும் இல்லை. துன்பம் தராமையிலும் உண்டு. 1875 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 15 ஆம் நாள் பிரான்சிய நாட்டில் மூவர் செனித் என்னும் வளிக்கூண்டில் ஏறி 8,000 மீற்றருக்கு மேற் சென்றனர். ஒட்சிசன் நிறைந்த பைகள் அவர்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எனினும், தேவை நேர்ந்தபோது கையை உயர்த்தும் வலி அவர்க்கு இல்லாது போயிற்று. குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய இருவரும் மாண்டனர். எஞ்சிய திசாந்தியே, அவ்வேளையில் தமக்கு அச்சம் தோன்றவில்லை என்றும், உள்ளத்தில் ஒருவகை மகிழ்ச்சியே பரவிற்று என்றும் பின்னர் எழுதினார். 2021 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் எம் ஊர்களிற் பரவியபோதும் இதனையே கண்டோம். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த முதியோர் சிலரின் விரலிற் பொருத்திய சிறு கருவி, மருத்துவர் அஞ்சும் எண்ணைக் காட்டிற்று. 1974 ஆம் ஆண்டு யப்பானியரான அயோயாகி என்பார் கண்ட நுட்பத்தில் அமைந்த கருவி அது. உடல் உணராததை எண் உணர்த்திற்று.

கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர்க்கு ஈண்டு ஒரு செய்தி. விமானம் 10,000 மீற்றர் உயரத்திற் பறக்கும்போது, உள்ளே அமுக்கம் 1,800 முதல் 2,400 மீற்றர் வரையுள்ள மலையின் அமுக்கத்துக்கு நிகராகப் பேணப்படுகின்றது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஆகவே கட்டுநாயக்காவில் ஏறி இலண்டனிலோ தொறன்ரோவிலோ இறங்கும் அன்பர், படி ஒன்றேனும் ஏறாமலே பல மணிநேரம் மலைமுடியளவு ஐதான வளியிற் கழிக்கின்றார். பயணக் களைப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மலையினின்றும் இறங்கி நீருக்கு வருவோம். முப்பது பாகை வெப்பமுள்ள வளியில் ஒரு இலீற்றர் எடுத்தால், அதில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும். அதே வெப்பமுள்ள நன்னீர் ஒரு இலீற்றரில், வளியோடு நன்கு கலந்து நிறைந்த நிலையிலும், 7.6 மில்லிகிராமே கரைந்திருக்கும். முப்பத்தைந்தில் ஒரு பங்கு! நீரின் பெயரைச் சொல்லும்போதே அதன் மூலக்கூற்றில் ஒட்சிசன் உண்டெனச் சில மாணவர் கூறுவர். உண்மையே, ஆயின் அஃது ஐதரசனோடு பிணைந்து கிடப்பது, மீனுக்குப் பயன்படாது. மீன் உயிர்ப்பது நீரிற் கரைந்துள்ள சிறு பங்கையே. அன்றியும், நீர் வளியினும் எண்ணூறு மடங்களவு பாரமானது. அதனுள் ஒட்சிசன் பரவும் வேகமோ வளியிற் பரவுவதிற் பதினாயிரத்தில் ஒரு பங்களவே. காற்றும் அலையும் கலக்காவிடின் மேற்பரப்பிற் புகுந்த ஒட்சிசன் அடியை எய்த நெடுநாள் செல்லும்.

இத்துணை வறிய இடத்தில் மீன் எவ்வாறு வாழ்கின்றது? சந்தையில் மீன் வாங்கும் எம் தாய்மார், செதிளை நீக்கிப் "பூ" சிவந்திருக்கின்றதா எனப் பார்ப்பர். செவுளைப் பூ என்று வழங்கிய எம் முன்னோரின் சொல்வளம் போற்றற்குரியது. எம் பாடநூலாரும் அச்சொல்லையே கலைச்சொல்லாக ஏற்றனர். அப்பூவின் இதழ்களில் நீர் ஒரு திசையாகவும் குருதி எதிர்த்திசையாகவும் ஓடுகின்றன. எதிரெதிர் ஓடுதலால், நீரில் உள்ள ஒட்சிசனில் நூற்றுக்கு 80 பங்கு வரையும் சில மீன்கள் கவர்ந்துகொள்கின்றன. மனிதராகிய நாமோ உள்ளிழுத்த ஒட்சிசனில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை வெளியே விடுகின்றோம். வறியவன் சிக்கனமும் செல்வன் ஊதாரித்தனமும் இங்கும் உள.

நீரின் வெப்பம் ஏற ஏற அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். 0 பாகையில் ஒரு இலீற்றரில் 14.6 மில்லிகிராம், 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.6. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் எம் மலைநாட்டு ஓடைகளில் திரவுட் என்னும் மீனைக் கொணர்ந்து விட்டனர். அது நுவரெலியாப் பகுதியிலும் ஓட்டன் சமவெளியிலும் வாழ்கின்றது, தாழ்நிலத்தில் வாழாது. குளிர்நீரில் ஒட்சிசன் மிகுதி என்பதே அதற்குக் காரணம் என எளிதிற் கூறிவிடுவர். கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று தோன்றும். நுவரெலியாவின் நீர் குளிர்ந்தது எனினும் அங்கு அமுக்கம் குறைவு. 16 பாகையில் உள்ள அந்நீரிற் கரையக்கூடியது இலீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராமே. எம் ஊர்க் குளத்து 7.6 உடன் ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே. மெய்யான வேறுபாடு மீனின் உடலில் உள்ளது. மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பமே. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் அதன் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இருமடங்காகும். வரவு சற்றே குறைகையிற் செலவு இரட்டிக்கின்றது. அத்தகைய குடும்பம் எவ்வாறு நிலைக்கும்?

இவை யாவும் நூலறிவு மட்டுமே எனக் கருதுவார்க்கு, 2016 ஆம் ஆண்டு எம் கல்லூரி கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் வேண்டும்.

அவ்வாண்டு புரட்டாதி மாதம். மழை பொய்த்தமையாற் குளங்கள் வற்றத் தொடங்கியிருந்தன. கல்லூரியிலிருந்து சில கட்டை தூரத்தில் உள்ள சிற்றூரின் குளம் ஒன்று, பாதிக்கு மேற் சுருங்கிப் பாசியாற் பச்சைநிறம் பூண்டிருந்தது. வயல்களிலிருந்து கழுவுண்ட பசளையும் கட்டாக்காலி மாடுகளின் சாணமும் அப்பாசிக்கு உணவாயின. இரண்டு மூன்று நாள் வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை, மழையும் பெய்யவில்லை. அடுத்த நாள் விடியலில், அக்குளத்தில் வளர்க்க விட்டிருந்த கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

நஞ்சு என்றனர் ஊரார். முதல்நாள் மாலை, குளத்துக்குக் கீழே தோட்டஞ் செய்யும் ஒருவர் மருந்தடிக்கும் கானோடு அலைகரையில் நின்றதைக் கண்டவர் இருந்தனர். மீன்வளர்ப்பிற் பங்கு தொடர்பாக அவருக்கும் ஊரவர் சிலருக்கும் முன்னரே மனத்தாங்கல் உண்டு. இவை இரண்டும் போதுமாயின. அவருடைய தோட்டத்துக்கு நீரை மறிப்பதென்றும், பொலிசில் முறையிடுவதென்றும் பேச்செழுந்தது. அந்தக் கோடையில் நீர் மறிக்கப்பட்டால் அக்குடும்பத்தின் ஆண்டு வருவாய் ஒரு கிழமையிற் கருகிவிடும்.

அவருடைய மகன் எம் வகுப்பு மாணவன். இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாட் காலை, வெற்றாக இருந்த அவனது கதிரையைச் சுட்டி "நஞ்சு வரவில்லை" என்று யாரோ ஒருவன் கூற, வகுப்புச் சிரித்தது. யாம் அன்று எடுக்கவிருந்த செய்யுட் பாடத்தை மூடிவைத்து, இடைவேளையில் இரசாயன ஆசிரியரிடஞ் சென்றோம். அவர் செய்தியைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விரால் செத்ததோ?"

அக்கேள்வியின் பொருள் எமக்கு அப்போது விளங்கவில்லை. மாலையில் அவரும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் யாமும் அக்குளத்துக்குச் சென்றோம். செத்தவை பெரும்பாலும் பெரிய கட்லாவும் ரோகுவுமே. குஞ்சுகள் பல உயிரோடிருந்தன. விராலும் சுங்கானும் ஒன்றேனும் சாகவில்லை. மாடுகள் அந்நாள்களிலும் அதே நீரைக் குடித்து நலமாகவே நின்றன.

விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அன்று. அதன் தலையில் வளியை வாங்கி வைக்கும் அறை உண்டு. இடையிடையே மேலே வந்து வளியை விழுங்காவிடின், நீரினுள்ளேயே அது மூச்சடைத்து இறக்கும். சுங்கானும் வளியை உண்ணும் இனமே. தமிழில் பனையேறி எனப் பெயர் பெற்ற மீனும் அவ்வகையினதே. 1791 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் டல்டோர்ப் என்னும் தேனிசு நாட்டவர், நீருக்கு மேல் உயரத்திற் பனைமரத்தில் அதனைப் பிடித்ததாக எழுதினார். அஃது உண்மையில் ஏறியதா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. வளியை உயிர்க்கும் என்பதில் ஐயம் இல்லை. நீரில் நஞ்சு கலந்திருந்தால் விராலும் செத்திருக்கும்; குஞ்சுகள் முதலிற் செத்திருக்கும். நீரில் ஒட்சிசன் இல்லாதிருந்தால், மேலே வந்து வளியை உண்ணும் மீன் பிழைக்கும். தேவை மிகுந்த பெரிய மீன் முதலில் மடியும். "விரால் செத்ததோ?" என்ற கேள்வியில் வழக்கின் பாதி அடங்கியிருந்தது.

மற்றப் பாதிக்குச் சோதனை வேண்டியிருந்தது. 1888 ஆம் ஆண்டு அங்கேரி நாட்டு விங்கிளர் வகுத்த முறை அது. எம் உயர்தர மாணவர் ஆய்வுகூடத்திற் செய்து பழகியதே. குமிழ் புகாதபடி போத்தலில் நீரை நிரப்பி, மங்கனீசு உப்புக் கரைசலையும் காரங்கலந்த அயடைட்டுக் கரைசலையும் இட்டு மூடினால் வீழ்படிவு தோன்றும். நீரில் ஒட்சிசன் இருந்தால் அது கபிலநிறமாகும். இல்லையேல் வெண்மையாகவே நிற்கும். அன்று மாலை மேற்பரப்பில் எடுத்த நீர் கடுங் கபிலநிறங் காட்டிற்று. அருகே நின்றோர், "ஒட்சிசன் நிறையக் கிடக்குதே, பிறகென்ன?" என்று நகைத்தனர். இரசாயன ஆசிரியர் சினக்கவில்லை. "விடியப்புறம் வாருங்கோ" என்றார்.

அன்றிரவும் வானம் மூடியே இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு இலாந்தர் வெளிச்சத்தில் மாணவர் இருவரும் இடுப்பளவு நீரில் நின்று போத்தல்களை நிரப்பினர். எஞ்சிய மீன்கள் வாயை மேற்பரப்பில் ஒட்டி நீட்டி நீட்டி உயிர்த்துக்கொண்டிருந்தன. போத்தலில் வீழ்படிவு இறங்கிற்று. பாலைப் போல் வெளுத்திருந்தது.

அன்று மாலை அவ்வூர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் இரண்டு போத்தல்களும் மேசைமேல் வைக்கப்பட்டன. ஒன்று கபிலம்; ஒன்று வெள்ளை. விளக்கும் பொறுப்பை இரசாயன ஆசிரியர் எம்மிடம் தந்தார். "எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் பாடநூல் போல இருக்கும், நீங்கள் ஊர்த் தமிழிலே சொல்லுங்கள்" என்பது அவர் கூற்று. முதியவர் ஒருவர் முன்வரிசையிலிருந்து கேட்டார்:

"வாத்தியார், தண்ணிக்குள்ளேயே பிறந்து வளர்ற மீனுக்கு மூச்சு முட்டுமோ?"

"முட்டும் அப்பு. மீன் குடிக்கிறது தண்ணி. மூச்செடுக்கிறது தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடக்கிற காத்தை. பாசி பகலிலே வெயிலைக் கொண்டு அந்தக் காத்தை உண்டாக்கும். இரவிலே தானும் அதைத்தான் எடுக்கும். வெயில் இல்லாட்டிச் சேமிப்பு இல்லை. விடியுமுன்னம் பெட்டகம் வெறுமையாப் போகும்."

"அப்ப மருந்து?"

"மருந்தெண்டால் விரால் தப்பியிருக்குமோ? மாடு தண்ணி குடிச்சு நிற்குமோ? குஞ்சு கிடக்கப் பெரிசு சாகுமோ?"

முதியவர் இரண்டு போத்தல்களையும் கையில் எடுத்து நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் மற்றொருவர் நேரிய வினா ஒன்றை எழுப்பினார்: செத்த மீன் அழுகியதாலும் ஒட்சிசன் குறைந்திருக்கலாம் அன்றோ? குறைந்திருக்கலாம் என்றே இரசாயன ஆசிரியர் ஒப்புக்கொண்டார். போத்தல் மட்டும் சான்றன்று; விராலும் குஞ்சும் மாடும் போத்தலும் சேர்ந்தே சான்று என்றார். ஐயத்தை மறையாது ஏற்றமையினாலேயே அவர் சொல் அவையில் ஏறிற்று என்பது எம் துணிபு. நீரை மறிக்கும் பேச்சும் பொலிசுப் பேச்சும் அன்றோடு நின்றன. முணுமுணுத்தவர் சிலர் இல்லாமலில்லை.

பழிசுமத்தப்பட்டவர் அக்கூட்டத்துக்கு வரவில்லை. அவ்வேளை அவர் அலைகரையில் நின்று செத்த மீன்களைப் புதைத்துக்கொண்டிருந்தார் எனப் பின்னர் அறிந்தோம். அடுத்த கிழமை மகனைக் கொண்டுவந்து விட்டபோது அவர் எம்மிடம் நன்றி என ஒரு சொல்லும் கூறினாரில்லை, "இனி இப்படி வராமல் என்ன செய்யலாம், சேர்?" என்று மட்டும் கேட்டார். பசளை கழுவுண்டு வராமற் காத்தல், பாசியையும் மிதக்கும் களைகளையும் அகற்றல், குளத்தின் அளவுக்கேற்ப மீன்குஞ்சு விடுதல், மூடிய வானமும் அசையாக் காற்றும் சேர்ந்த நாள்களில் விடியலில் நீரை மேலே வீசி விழச்செய்தல் என்பவற்றை இரசாயன ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். விழும் நீர் வளியை வாரிக்கொண்டு வீழும் என்பது எளிய உண்மை. அதன் பின் அத்தகைய விடியல்களில் அவரே தமது இறைக்கும் இயந்திரத்தை அலைகரைக்குக் கொணர்ந்து, குளத்து நீரைக் குளத்துக்கே மேலெறிந்து வீழ்த்தினார். எண்ணெய்ச் செலவும் அவருடையதே.

இச்சிறு குளத்துக்கு நேர்ந்ததே பெருங்கடலுக்கும் நேர்கின்றது. எம் கிழக்கே வங்காள விரிகுடாவிலும் மேற்கே அரபிக்கடலிலும், மேற்பரப்புக்குச் சில நூறு மீற்றர் கீழே ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்படை பரந்து கிடக்கின்றது. உலகக் கடல்கள் யாவற்றிலும் கரைந்துள்ள ஒட்சிசன், 1960 ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கு 2 பங்களவு குறைந்துவிட்டதென 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. நீர் சூடேறுகின்றது, மேல்நீரும் கீழ்நீரும் கலத்தல் குறைகின்றது. மிதக்கும் களைகளின் கேட்டினை எம் நாட்டார் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தனர். ஆகாயத்தாமரையைத் தடுப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் முதுமை எய்திற்று. ஆகாயத்தாமரையோ இன்றும் இளமையோடு பூக்கின்றது.

பழைய மாணவர்க்கும் இந்நாள் மாணவர்க்கும் யாம் கூற விழைவது ஒன்றே. கல்லூரியில் விஞ்ஞானம் ஒரு கட்டடத்திலும் தமிழ் ஒரு கட்டடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. வாழ்வில் அவ்வாறு சுவர் இல்லை. அன்று அச்சிற்றூரில் வினைதீர்க்கும் கரைசல் மட்டும் இருந்து, அதனை ஊரார் ஏற்கும் மொழியிற் கூறுவார் இல்லாதிருந்தால், அந்த வெண்மைக்கும் கபிலத்துக்கும் பொருள் இருந்திராது. இனிய தமிழ் மட்டும் இருந்து போத்தல் இல்லாதிருந்தால், எம் பேச்சை யாரும் நம்பியிரார். கற்றவன் ஒருவனுடைய கடன், தான் கற்றதைத் தன் அயலான் உயிர்க்கும் மூச்சுக்குப் பயன்படச் செய்தலே. அன்று இடுப்பளவு நீரில் நின்ற மாணவர் இருவரும் இன்று எம் பழைய மாணவர் வரிசையில் உள்ளனர். பாலாய் வெளுத்த அந்தப் போத்தலை இரசாயன ஆய்வுகூடத்து அலுமாரியில் நெடுநாள் வைத்திருந்தோம். நாளடைவில் மூடியூடாக வளி புகுந்து அதுவும் கபிலமாயிற்று. எவ்வளவு இறுக்கி மூடினும் சிறு வழி கிடைத்தால் உயிர்வளி உட்புகும். அறிவும் அத்தகையதே என எம் மாணவர் அறிக.

கல்லூரி வாழ்க! அதன் மைந்தர் பல்லாண்டு நலமுடன் உயிர்த்து வாழ்க!